தீபாவளிக்குத் தொட்டியைக் கழுவினோம், இப்போது மீன்மேல் வெள்ளைப் புள்ளி. உதவுங்கள்

பொங்கோல் ரேவதி | திங்கள், இரவு 10:52

வணக்கம். இங்கே இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை. இப்போது வேறு வழி தெரியவில்லை.

வீட்டு ஹாலில் 2 அடித் தொட்டி, தண்ணீர் 55 லிட்டர் இருக்கும். 10 நியான் டெட்ரா, 3 கோரி கெளுத்தி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வாங்கிய 2 பலூன் மாலி. இரண்டு வருடமாக ஒரு மீன்கூடச் சாகவில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன், கண் பட்டதோ என்னவோ. நேற்று மாலை பார்த்தால் நியான்களின் மேல் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். துடுப்பில், வாலில், எங்கும். கல்லிலும் ஃபில்டர் குழாயிலும் போய் உடம்பை உரசுகின்றன. மாலி இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இன்று காலை ஒரு நியான் போய்விட்டது.

மகனுக்கு 7 வயது. ஆரஞ்சு மாலிக்கு லட்டு என்று பெயர் வைத்திருக்கிறான். சாப்பாட்டுத் தட்டோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

மீன் கடையில் சொன்னேன். அங்கிள் ஒரு நீல மருந்து கொடுத்தார், 8 சிங்கப்பூர் வெள்ளி. இன்றிரவே ஊற்றலாமா? எவ்வளவு?

அங்மோகியோ அண்ணாச்சி | திங்கள், இரவு 11:05

மருந்தெல்லாம் வேண்டாம் தங்கச்சி. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு கைப்பிடி கல் உப்பு. நமக்கு வெட்டுக்காயம் பட்டால் என்ன வைக்கிறோம்? மீனுக்கும் அதுதான். மூன்று நாளில் துள்ளும் பாருங்கள்.

மருந்துப்பெட்டி | திங்கள், இரவு 11:09

வெண்புள்ளி நோய் காத்திருக்காது. கடைக்காரர் கொடுத்ததை இன்றைக்கே ஊற்றுங்கள். உப்பு, மஞ்சள், பொறுமை என்று உட்கார்ந்திருந்து ஒரு தொட்டி கிளவுன் லோச் மீன்களை முழுசாகத் தொலைத்தவன் நான்.

பழைய தொட்டி | திங்கள், இரவு 11:31

எதையும் ஊற்றாதீர்கள். நான் கேட்பதற்குப் பதில் வரும்வரையாவது.

தொட்டியைக் கழுவினோம் என்று தலைப்பில் இருக்கிறது, பதிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யார் கழுவியது, எப்படி? ஃபில்டர் ஸ்பாஞ்சை எந்தத் தண்ணீரில் அலசினீர்கள்? குளோரினை முறிக்கும் ஆன்டி-குளோரின் போட்டீர்களா? ஹாலில் ஏர்கான் ஓடுகிறதா? தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இருக்கிறதா? அந்த நீலப் போத்தலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது?

எனக்குக் கவலை புள்ளியைப் பற்றியல்ல, மேலே நின்று மூச்சு வாங்கும் மாலியைப் பற்றி. ஏர் பம்ப் இருந்தால் இந்த நிமிடமே முழு வேகத்தில் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பொங்கோல் ரேவதி | திங்கள், இரவு 11:58

ஏர் பம்ப் போட்டுவிட்டேன்.

கழுவியது என் மாமியார். தீபாவளி வந்தால் வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவுபவர், தொட்டியை மட்டும் விடுவாரா? நான் வேலைக்குப் போயிருந்தேன். கற்களை வாளியில் கொட்டி அரிசி களைவதுபோலக் களைந்திருக்கிறார். ஸ்பாஞ்ச் கறுப்பாக இருந்ததாம், குழாயடியில் பிடித்து வெளுக்கும்வரை பிழிந்திருக்கிறார். தண்ணீர் முழுவதும் புதுசு. "சும்மா ஊற்றவில்லை, ஒரு ராத்திரி வாளியில் வைத்திருந்துதான் ஊற்றினேன், குளோரின் போயிருக்கும்" என்கிறார். ஆன்டி-குளோரின் போடவில்லை.

ஏர்கான்: ஈப்போவிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து ஹாலில்தான் படுத்தார்கள். 4 இரவு, விடிய விடிய 23-ல் ஓடியது.

போத்தலில் மெத்திலீன் புளூ என்று இருக்கிறது. டெஸ்ட் கிட் இல்லை.

பழைய தொட்டி | செவ்வாய், நள்ளிரவு 12:27

சரி, இப்போது கதை புரிகிறது. முதலில் ஒன்று: மாமியாரிடம் கோபிக்காதீர்கள். பாத்திரம் கழுவுகிறவர் கைக்கு அழுக்கென்றால் அழுக்குத்தான். அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சில் இருந்தது அழுக்கு மட்டுமில்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மீன் கழிப்பதிலும் செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறுகிறது. ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பாதகமில்லை. உங்கள் வீட்டில் இரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் இந்த வேலையைப் பார்த்த கூட்டம் ஒரே மத்தியானத்தில் வடிகாலில் போய்விட்டது.

அடுத்தது குழாய்த் தண்ணீர். ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது குளோரினுக்கு உண்மை. ஆனால் இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் விடுவது குளோராமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், குழாய்களில் நீண்ட தூரம் போனாலும் வீரியம் குறையாமல் இருக்கத்தான் அது. ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போகாது. ஸ்பாஞ்சைக் கொன்றதும் அதுதான், செவுளைச் சுடுவதும் அதுதான். ஆன்டி-குளோரின் வாங்கும்போதும் குளோராமினை உடைப்பதோடு நில்லாமல் உடைந்து வரும் அம்மோனியாவையும் கட்டிப்போடும் ரகமா என்று போத்தலின் பின்பக்கம் படித்து வாங்குங்கள்.

மூன்றாவது ஏர்கான். நம் வீவக அடுக்குமாடி வீட்டில் ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் 28, 29 டிகிரியில் நிற்கும். விடிய விடிய 23-ல் ஓடினால் விடியும்போது 24, 25. பகலில் மறுபடி ஏறும். நான்கு நாள் இப்படி ஏற்றி இறக்கினால் நமக்கே ஜலதோஷம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து, தனியே வைத்துப் பார்க்காத இரண்டு மாலி ஒட்டுண்ணியோடு உள்ளே வந்திருக்கின்றன.

மீனுக்கு முன் தண்ணீர்தான் நோயில் விழுந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மருந்து ஊற்றினால், மூச்சு முட்டுகிறவன் வாயில் மாத்திரையைத் திணிப்பதுபோல.

இன்றிரவு செய்ய வேண்டியது: மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், அதே சூட்டில், ஆன்டி-குளோரின் கலந்து. தொட்டி விளக்கு அணைக்கவும். ஹாலில் ஏர்கான் வேண்டாம். நாளை முழுவதும் தீனி போடாதீர்கள். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது, அழுகிய தீனியால் சாகும். நாளை டெஸ்ட் கிட் வாங்குங்கள், அட்டையை நனைத்துப் பார்க்கும் ரகம் வேண்டாம், சொட்டு விட்டுப் பார்க்கும் ரகம்.

மெத்திலீன் புளூ தொட்டிக்குள் வேண்டவே வேண்டாம். அதுவும் நல்ல நுண்ணுயிரைக் கொல்லும், தொட்டி மூலையில் பூசிய சிலிக்கோனும் நீலமாகிவிடும். ஆனால் போத்தலைத் தூக்கி எறியாதீர்கள், தனி டப்பாவில் வைத்துப் பார்க்க நேர்ந்தால் பயன்படும்.

அங்மோகியோ அண்ணாச்சி | செவ்வாய், காலை 6:50

இவ்வளவு படித்துவிட்டு மீன் வளர்க்க வேண்டுமா? எங்கள் அப்பா ஒரு டெஸ்ட் கிட்டும் பார்த்ததில்லை, ஆன்டி-குளோரினும் பார்த்ததில்லை. மீன் பத்து வருடம் இருந்தது.

பழைய தொட்டி | செவ்வாய், காலை 7:02

அப்பா எங்கே வளர்த்தார்?

அங்மோகியோ அண்ணாச்சி | செவ்வாய், காலை 7:04

தஞ்சாவூரில், கிணற்றுத் தண்ணீரில்.

பழைய தொட்டி | செவ்வாய், காலை 7:05

அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணே.

பாலிடெக்னிக் பையன் | செவ்வாய், காலை 7:40

மஞ்சளைப் பற்றி ஒரு விஷயம். மஞ்சளில் கிருமியை எதிர்க்கும் பொருள் குர்க்குமின், உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் கரைவதே அரிது. தூளைப் போட்டால் அடியில் படியும், மிச்சம் மிதந்து செவுளில் ஒட்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு அது வேறு கஷ்டம். அண்ணாச்சி கோபிக்கக் கூடாது.

வெண்புள்ளியைப் பற்றி எல்லாரும் தவறாக நினைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. ஒட்டுண்ணி அப்போது மீனின் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. தின்று கொழுத்ததும் மீனை விட்டு விழுந்து, கல்லிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. கூடு வெடித்துக் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். ஒன்று, இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். உப்போ மருந்தோ, வேலை செய்வது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

ஆகவே புள்ளி மறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. புள்ளி மறைந்தால் மீன் பிழைத்தது என்று பொருளில்லை, புள்ளி கீழே விழுந்து பெருகிக்கொண்டிருக்கிறது என்றும் இருக்கலாம். 28, 30 டிகிரியில் இந்தச் சுற்று மூன்று நான்கு நாளில் முடியும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்காகும்.

அப்புறம், வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்புள்ளி இல்லை. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் வெள்ளை முத்துகள் வரும், அது நோயே இல்லை. பொன் தூசி படிந்ததுபோல் இருந்தால் அது வேறு ஒட்டுண்ணி. ரேவதி அக்கா சொல்வது, உரசுவதையும் சேர்த்துப் பார்த்தால், வெண்புள்ளிதான்.

கையில் காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள், குழாயை வாயால் உறிஞ்சியும் தண்ணீர் இறக்காதீர்கள். மீனிடமிருந்து மனிதத் தோலுக்கு வரும் காசநோய்க் குடும்பத்துக் கிருமி ஒன்று உண்டு. விரலில் ஆறாத புண் வந்து மருத்துவரிடம் போனால் மீன் வளர்க்கிறேன் என்று சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

சும்மா பார்க்கிறேன் | செவ்வாய், காலை 9:15

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. போன வருடம் எங்கள் புளோக்கில் டெங்கி வந்து கொசுப்புகை அடித்தார்கள். சன்னல் திறந்திருந்தது, ஏர் பம்ப் சன்னலோரம். சாயங்காலம் வந்து பார்த்தால் 14 கப்பியும் மிதக்கின்றன. நோய் என்று நினைத்து இரண்டு நாள் மருந்து தேடினேன். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு நமக்குப் பெரிய தொல்லையில்லை, மீனுக்குப் பரம விஷமாம். அறிவிப்பு ஒட்டினால் பம்பை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தொட்டியை மூடிவிடுங்கள். கரப்பான் மருந்து அடிக்கும்போதும் அப்படியே.

பொங்கோல் ரேவதி | செவ்வாய், இரவு 9:20

மதிய இடைவேளையில் சிராங்கூன் நார்த் வரை டாக்சியில் போய் டெஸ்ட் கிட்டும் ஆன்டி-குளோரினும் வாங்கினேன். 3 வெள்ளி மீனுக்கு 50 வெள்ளிக்கு மேல் செலவு என்று கணவர் சொல்லிப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்ததும் பேசவில்லை.

அம்மோனியா 1, நைட்ரைட் 0.5, நைட்ரேட் 10, பிஎச் 7.6. நேற்றிரவு தண்ணீர் மாற்றிய பிறகும் இது. சந்தேகத்தில் வெறும் குழாய்த் தண்ணீரைச் சோதித்தால் அதிலும் இலேசாகப் பச்சை, அதாவது அம்மோனியா, காட்டுகிறது. கிட் பழுதா?

இன்னொரு நியான் போய்விட்டது. ஆனால் மாலி இன்று நடுமட்டத்தில் நீந்துகிறது.

பழைய தொட்டி | செவ்வாய், இரவு 9:48

கிட் பழுதில்லை. குளோராமினில் இருக்கும் அம்மோனியாவையும் சேர்த்துத்தான் கிட் காட்டும்.

1 என்பது மோசம், ஆனால் பிஎச் 7.6 என்பதால் தப்பித்தீர்கள். அம்மோனியா இரண்டு வேஷத்தில் இருக்கும், ஒன்று சாது, ஒன்று கொலைகாரன். பிஎச்சும் சூடும் ஏற ஏற சாது கொலைகாரனாகும். அதே 1, பிஎச் 8-ல் இருந்தால் விஷம் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் பிஎச்சை ஏற்றும் பவளக்கல், சிப்பி எதுவும் தொட்டிக்குள் போடாதீர்கள்.

அண்ணாச்சி சந்தோஷப்படட்டும், இப்போது உப்பு. லிட்டருக்கு 1 கிராம், உங்கள் தொட்டிக்கு 55 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், கை ஆளுக்கு ஆள் மாறும், சமையலறைத் தராசில் நிறுங்கள். கல் உப்பைத் தனி வாளியில் கரைத்து, பாதி இன்றிரவு, பாதி நாளை காலை. உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், உப்பு அந்தப் பாரத்தையும் குறைக்கும். கோரி இருப்பதால் இதற்கு மேல் போக எனக்குத் தைரியமில்லை. ஒன்று கவனம்: தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்புப் போடாதீர்கள், வெளியே எடுத்து மாற்றும் தண்ணீருக்கு மட்டும் போடுங்கள்.

நீங்கள் பொங்கோல், நான் செங்காங். என் தொட்டியில் எட்டு மாதமாகப் புது மீன் விடவில்லை, நோயும் இல்லை. நல்ல நுண்ணுயிர் குடியேறி நன்றாகப் பழுத்த ஸ்பாஞ்ச் இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தருகிறேன். நாளை மாலை செங்காங் எம்ஆர்டி ரயில் நிலையம், டிக்கெட் கதவுக்கு வெளியே. வீட்டுக்குப் போனதும் கழுவாமல் அப்படியே ஃபில்டரில் வையுங்கள். மாமியார் கண்ணில் படாமல்.

மருந்துப்பெட்டி | செவ்வாய், இரவு 10:10

தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வது சரி, நேற்று நான் அவசரப்பட்டேன். ஆனால் லிட்டருக்கு 1 கிராம் உப்பில் வெண்புள்ளி சாகும் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். சாகாது. அதைக் கொல்ல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும், அதைக் கோரி தாங்காது. மாலகைட் கிரீன் மருந்து இல்லாமல் முடியாது.

கேள்வி மட்டும் | செவ்வாய், இரவு 10:31

இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பொங்கோல் நீர்வழியில் விட்டுவிடலாமே, இயற்கையாகப் பிழைத்துக்கொள்ளும்?

பாலிடெக்னிக் பையன் | செவ்வாய், இரவு 10:38

வேண்டவே வேண்டாம். முதலில் அது சட்டப்படி குற்றம். அதைவிட, நோயுள்ள மீனை விட்டால் ஒட்டுண்ணி அங்கே இருக்கும் மீன்களுக்குப் போகும்.

பொங்கோல் ரேவதி | புதன், இரவு 10:05

ஸ்பாஞ்ச் வாங்கிவிட்டேன், அண்ணனுக்கு மிக்க நன்றி. நீல மூடி டப்பாவில் தண்ணீரோடு கொடுத்தார். எல்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நின்ற ஆன்ட்டி என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். குளத்து வாசனை.

ஆனால் வீட்டுக்கு வந்தால் லட்டுவின் வாயோரம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. புள்ளி இல்லை, பஞ்சு. முதுகில் சேணம் போட்டதுபோல் ஒரு வெளிறிய பட்டை. வெண்புள்ளிக்குச் சூடு நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், ஹீட்டர் வாங்கி 31-க்கு ஏற்றட்டுமா?

பழைய தொட்டி | புதன், இரவு 10:14

ஏற்றாதீர்கள்!

சூடு வெண்புள்ளியின் சுற்றை வேகப்படுத்தும், அதனால் சீக்கிரம் முடியும், அது சரி. ஆனால் நீங்கள் சொல்லும் வாய்ப்பஞ்சும் முதுகுப் பட்டையும் காலம்னாரிஸ்போல் இருக்கிறது. பார்க்கப் பூஞ்சைபோல் இருக்கும், ஆனால் பாக்டீரியா. அதற்குச் சூடு என்றால் கொண்டாட்டம், தண்ணீர் சூடேறினால் ஒரே நாளில் மீனை முடித்துவிடும். ஒரு நோய்க்கு மருந்து இன்னொன்றுக்குத் தீனி.

லட்டுவை உடனே தனி டப்பாவில் வையுங்கள். 10 லிட்டர் தண்ணீர், ஆன்டி-குளோரின், ஏர் ஸ்டோன், கொஞ்சம் உப்பு. மாலி உப்பு தாங்கும் மீன், லிட்டருக்கு 3 கிராம்வரை போகலாம். உங்கள் மெத்திலீன் புளூவை இந்த டப்பாவில் பயன்படுத்தலாம், போத்தலில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். நிஜமாகக் குணப்படுத்துவது ஆன்டிபயாடிக்தான், அதற்கு மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையை உடைத்துப் போடும் வேலை வேண்டாம். அந்த டப்பாவில் போன வலையும் கையும் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது.

மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நம்பிக்கை குறைவு.

பொங்கோல் ரேவதி | வியாழன், காலை 6:35

லட்டு இரவே போய்விட்டது. மகன் எழுந்து முதலில் டப்பாவைத்தான் பார்த்தான். நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தோம். மாமியார் ஒரு ஊதுபத்தி வைத்தார். அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தன்னால்தான் என்று. உங்கள் பதிவுகளை எல்லாம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்கிறார்.

மருந்துப்பெட்டி | வியாழன், காலை 8:12

வருத்தம் ரேவதி. அம்மாவிடம் சொல்லுங்கள், வந்தபோதே அந்த மாலி நோயோடு வந்திருக்கலாம். கடைத் தொட்டியில் ஒரே தண்ணீரில் நூறு மீன்.

தெம்பனிஸ் தாத்தா | வியாழன், காலை 11:20

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரே ஒரு தங்கமீன், 9 வயது. ஒரு வாரமாக வயிறு உப்பி, மேலிருந்து பார்த்தால் செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி விறைத்து நிற்கின்றன. தீனி எடுக்கவில்லை. இதற்கும் உப்புத்தானா?

பழைய தொட்டி | வியாழன், மதியம் 12:40

ஐயா, மழுப்பாமல் சொல்கிறேன். செதில் அப்படி விறைத்து நிற்பது ஒரு நோயின் பெயரில்லை, சிறுநீரகம் வேலை செய்யாமல் உடம்புக்குள் நீர் கட்டியதன் அடையாளம். வயிறு மட்டும் உப்பி, செதில் படுத்தே இருந்தால் மலச்சிக்கலாக இருக்கலாம், இரண்டு நாள் பட்டினி போட்டு, அப்புறம் தோலுரித்த வேகவைத்த பச்சைப் பட்டாணி கொடுத்தால் சரியாகிவிடும். இது அந்தக் கட்டம் தாண்டியதுபோல் தெரிகிறது.

முயன்று பார்க்கலாம்: சுத்தமான தண்ணீர், எப்சம் உப்பு 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. இது சமையல் உப்பு இல்லை, மருந்துக்கடையில் கேளுங்கள். உள்ளே கட்டிய நீரைக் கொஞ்சம் இழுக்கும். நான்கைந்து நாளில் குறையாவிட்டால் இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

அந்த நிலை வந்தால் கழிவறையில் போட்டுத் தண்ணீர் இழுப்பதும், உறைபெட்டியில் வைப்பதும் கொடுமை. கிராம்பு எண்ணெய் போதும். ஒரு சிறு போத்தல் வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெயை விட்டுப் பால்போல் ஆகும்வரை குலுக்குங்கள், இல்லாவிட்டால் மேலே மிதக்கும். மீன் இருக்கும் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம், அது மயங்கியதும் மிச்சம். மொத்தம் லிட்டருக்கு 0.4 மில்லி. செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். சீக்கிரம் எடுத்தால் விழித்துக்கொள்ளும்.

தெம்பனிஸ் தாத்தா | வியாழன், மதியம் 1:15

கிராம்பு எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது, என் பல்வலிக்கு வாங்கியது. முதலில் எப்சம் உப்பு வாங்கி வருகிறேன்.

பொங்கோல் ரேவதி | வியாழன், இரவு 9:30

அம்மோனியா 0.25, நைட்ரைட் 0.25! ஒரே நாளில்! அந்த ஸ்பாஞ்சில் என்னதான் இருக்கிறது?

ஆனால் நியான்களின் மேல் புள்ளி கூடியிருக்கிறது. 7 நியான்தான் பாக்கி. கறுப்பு மாலியும் கோரிகளும் நன்றாக இருக்கின்றன.

பழைய தொட்டி | வியாழன், இரவு 9:52

இனி மருந்துப்பெட்டி பேசட்டும். தண்ணீர் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. உப்பும் பொறுமையும் போதும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் இவ்வளவு புள்ளி ஏறிய நியானுக்கு நான்கு நாள் காத்திருக்க உடம்பில் தெம்பில்லை.

மருந்துப்பெட்டி | வியாழன், இரவு 10:03

அடடா, இந்தப் பதிவை அச்செடுத்துச் சட்டம் போட வேண்டும்.

ரேவதி, மாலகைட் கிரீன் உள்ள வெண்புள்ளி மருந்து வாங்குங்கள். நியானும் கோரியும் இதைத் தாங்காத மீன்கள், ஆகவே போத்தலில் போட்டதில் பாதி அளவு. ஃபில்டரில் கரித்தூள் பை இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது குடித்துவிடும். விளக்கு வேண்டாம், வெளிச்சத்தில் மருந்து சிதையும். ஏர் பம்ப் நிற்கவே கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு முறையும் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு, கல்லின் மேல் குழாயை வைத்து அடியில் கிடக்கும் கூடுகளையும் உறிஞ்சிவிட்டு, பிறகு மருந்து. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு முறை. கையுறை கட்டாயம். உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் தடை செய்த பொருள் இது, கையில் பட்டால் கறை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

அங்மோகியோ அண்ணாச்சி | வெள்ளி, காலை 7:10

சரி, மஞ்சளை வாபஸ் வாங்குகிறேன். கெத்தாப்பாங் இலையாவது போடலாமா? பெட்டா மீனுக்கு எல்லாரும் போடுகிறார்களே.

பாலிடெக்னிக் பையன் | வெள்ளி, காலை 7:45

நம் ஊர் நாட்டு வாதுமைதான் அது. காய்ந்த இலை தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும், அதில் உள்ள டானின் நல்லதுதான், நியானுக்கும் பிடிக்கும். நோயைத் தீர்க்கும் என்று நம்பிவிடாதீர்கள். மருந்து ஓடும்போது வேண்டாம், பிறகு போடலாம். சாலையோர மரத்து இலை வேண்டாம், அதன்மேல் என்ன புகை படிந்ததோ. கடையில் காய்ந்த இலையாக விற்கிறார்கள்.

பொங்கோல் ரேவதி | ஞாயிறு, மாலை 6:40

மூன்று நாளில் இரண்டு முறை மருந்து ஊற்றியாகிவிட்டது. ஒரு நியான் வெள்ளி இரவு போனது. இன்று மிச்சம் 6-இல் 4 மீன் மேல் புள்ளியே இல்லை. பாலிடெக்னிக் பையன் சொன்னது ஞாபகம் இருக்கிறது, நிறுத்தமாட்டேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். சோதனைக் குழாயைக் குலுக்குவது இப்போது மகனின் வேலை, நிறம் பார்ப்பது மாமியார் வேலை. எனக்கு வேலையில்லை.

தெம்பனிஸ் தாத்தா | திங்கள், காலை 9:05

செதில் இறங்கவில்லை. நேற்றிரவு கிராம்பு எண்ணெய் விட்டேன். சொன்னபடியே அமைதியாக இருந்தது. நன்றி தம்பி. தொட்டியை யாருக்காவது கொடுக்கலாம் என்று நினைத்தேன், கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

மருந்துப்பெட்டி | திங்கள், காலை 9:40

9 வருடம் நன்றாக வைத்திருந்தீர்கள் ஐயா.

பொங்கோல் ரேவதி | அடுத்த ஞாயிறு, இரவு 8:15

5 நாளாக ஒரு புள்ளியும் இல்லை. 6 நியான், 3 கோரி, 1 கறுப்பு மாலி. மருந்து நிறுத்தி, கரித்தூள் பையைத் திரும்ப வைத்து, உப்பைத் தண்ணீர் மாற்றங்களில் மெல்ல வெளியேற்றிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் ஏர்கான் போட்டால் மாமியாரே வந்து அணைத்துவிடுகிறார். ஸ்பாஞ்சை இனி தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டும் லேசாக அலச வேண்டும் என்று சொல்லியாயிற்று.

மகன் இன்னொரு மாலி கேட்கிறான். தனியே வைத்துப் பார்க்க எவ்வளவு நாள்?

பழைய தொட்டி | அடுத்த ஞாயிறு, இரவு 8:33

நான்கு வாரம். 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அந்த ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள், மாலி வாங்குவதற்குள் பழுத்துவிடும்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த நீல மூடி டப்பா என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. மீன் தண்ணீருக்கு எடுத்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்.